விநாடிக்கு ஒரு பவுண்டு

செயின்ட் மார்ட்டின்ஸ் தீவின் ஒரே கடையில்
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் டப்பா.
மூடியில் ஹெலிகாப்டர் படம்,
வால் பக்கம் வெயிலில் வெளுத்துவிட்டது.
உண்டியல் என்று நான் சொன்னால்
இங்கே ஒருவருக்கும் புரியாது.
ஆனால் உண்டியல்தான். சாவி இரண்டு:
ஒன்று என்னிடம், மற்றது தபால்காரி மொர்வென்னாவிடம்.
மாதக் கடைசி ஞாயிறு
இருவரும் கூடினால்தான் திறக்கும்.

பிப்ரவரியில் நாற்பத்தொரு பவுண்டு பதினேழு பென்ஸ்,
வழி தவறிய ஒரு யூரோ,
கோட்டுப் பொத்தான் ஒன்று, கறுப்பு, நாலு துளை.

ஒரு முறை வந்துபோக எழுபது நிமிடம்,
நாலாயிரத்து இருநூறு ஆகிறது என்று
அறக்கட்டளைக் கடிதத்தில் இருந்தது.
வகுத்துப் பார்த்தேன். விநாடிக்கு ஒரு பவுண்டு.
சிறுதுளி பெருவெள்ளம் என்று
நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகிய கை இது.
பெருவெள்ளம் இருக்கட்டும்,
முழுத் தீவும் ஒரு மாதம் சேர்ந்து
நாற்பத்தொரு விநாடி.

ஜேகோ பெண்டர் ஒரு பென்னியும் போட்டதில்லை.
நார்சிசஸ் பூ பயிரிடுபவர். பாலும் புகையிலையும் வாங்கி
மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிப்
பைக்குள் போடுவார், டப்பாவைப் பார்த்தபடி.
"போலீஸ் வண்டிக்கு டப்பா வைத்திருக்கிறாயா, டாயா?
தீயணைப்புக்கு?
நீர்மூழ்கி வாங்கக் கடற்படை கேக் விற்கிறதா?"
தயாளினியை அவர் டாயா ஆக்கிப் பன்னிரண்டு வருடம்.
அவர் சொல்வது சரி.
சரிக்கு என்ன பதில் சொல்வது?
பாலை எடுத்து நீட்டுவேன்.

மார்ச் இரண்டு, இரவு பதினொன்றரை.
டீச்சர் கெரன்சாவுக்கு ஏழாம் மாதத்தில் ரத்தம்.
படகு துறையை விட்டு நகர முடியாத அலை.
ஹெலிகாப்டர் வழக்கமாக இறங்கும் திடலில்
முழங்கால் அளவு தண்ணீர்.
"என் மேட்டு வயலுக்கு வரச் சொல்" என்றார் ஜேகோ.
திங்கட்கிழமை வெட்ட வேண்டிய மொட்டுகள் அங்கே.

நாலு மூலைக்கு நாலு டிராக்டர், விளக்கைத் தாழ்த்தி.
சத்தம் முதலில் வந்தது, பிறகு ஒளி, பிறகு காற்று.
மொட்டெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன,
சீப்பு இழுத்த ஈரத்தலை போல.
கெரன்சாவின் கணவனுக்கு உள்ளே இடமில்லை.
அவள் செருப்பில் ஒன்று அவன் கையில் தங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன்? எண்ணினேன்.
மண்ணை விட்டு எழுந்ததிலிருந்து நாற்பத்தொன்று வரை.
அதுவரை அவள் எங்கள் காசில் பறந்தாள்.
நாற்பத்திரண்டில் விளக்கு பாறைக்கு அப்பால் போனது.
பிறகு யார் காசு?
ட்ரூரோவில் பழைய சட்டை விற்கும் கடை,
மழையில் பத்து மைல் ஓடிய ஏதோ ஒரு பல் டாக்டர்,
உயிலில் ஒரு வரி சேர்த்துவிட்டுக் கண்மூடிய ஒருத்தி.
அவள் பெயரே அறியாதவர்கள்
இருட்டுக் கடலின் மேல் அவளைக்
கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோனார்கள்.

விடிந்ததும் வயலுக்குப் போனேன். அவர் அங்கே நின்றிருந்தார்.
எண்பது பெட்டிக்கான பூ, சேறு.
நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன்:
ஜே. பெண்டர், பூ, எண்பது
"எழுதாதே."
"ஏன்?"
"லண்டனில் ஒருவன் அதைப் படிப்பான்.
பார், அவர்களே சமாளித்துக்கொள்கிறார்கள் என்று
நிம்மதியாகத் தூங்கப் போவான்."
அடித்துவிட்டேன். அடித்த கோடு இன்னும் தெரிகிறது.

வியாழக்கிழமை செய்தி வந்தது.
பெண். ஒரு கிலோ முந்நூறு கிராம், இன்குபேட்டரில்.
பெயர் வைக்கவில்லை.
தகப்பன் கடைக்கு வந்து டப்பாவில் இருபது திணித்தான்,
வாங்கிய ரொட்டியை மறந்துவிட்டுப் போனான்.

மார்ச் கடைசி ஞாயிறு திறந்தோம்.
அந்த இருபதையும் சேர்த்து முப்பத்தெட்டு.
போன மாதத்தைவிடக் குறைவு,
மழைக்கு ஆள் வரத்து இல்லை.
அடியில் இன்னொரு பொத்தான், கறுப்பு, நாலு துளை.
மொர்வென்னா என்னைப் பார்த்தாள்.
ஜேகோ கோட்டின் முன்பக்கத்தைக் கொஞ்ச நாளாகக்
கயிற்றால்தான் கட்டியிருக்கிறார்.